சனியின் நிலவும் அட்டெண்டர் அக்காவும்

அட்டெண்டர் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு காலிக் கண்ணாடிக் குடுவைக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். வேதியியல் ஆய்வகத்தில் செய்யக் கூடாதவை என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் முதல் வரியே அதுதான். "ஐயோ, என்ன பண்றீங்க!" என்று வாசலிலேயே கத்திவிட்டேன். அவர் பதறவில்லை. குடுவையை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லா கழுவியிருக்கான்னு பாத்தேன் டீச்சர். ஒரு வாசமும் இல்ல. சரியான சுத்தம்" என்றார். அதற்கு முந்தின வாரம் நானே கழுவி வைத்த குடுவை அது. கோபத்தை மறந்து ஒரு கணம் பெருமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேயிலை விலை விழுந்து போயிருந்த வருடங்கள் அவை. குன்னூரைச் சுற்றி இருந்த பல தொழிற்சாலைகள் வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோதான் ஓடின. பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் சிறிய தனியார் கல்லூரியின் பழைய அட்டெண்டர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர்தான் அக்கா. அவருக்கு அப்போது நாற்பதைக் கடந்திருந்தது. இலங்கைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலேறி இங்கே வந்து, இருபது வருடத்துக்கு மேல் ஒரே தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அறையில் வேலை பார்த்து, ஓட்டம் குறைந்தபோது வேலையிழந்தவர். தொழிற்சாலையை அவர் எப்போதும் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார். ஸ்டோரில் எந்தத் தூள் சரியாகக் காய்ந்திருக்கிறது, எது கருகப் போகிறது என்பதையெல்லாம் மூக்கால் முடிவு செய்து பழகியவருக்குச் சுவரில் ஒட்டிய பட்டியல் ஒரு பொருட்டாகப் படவில்லை. முகர்வதை நிறுத்த வைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. முழுவதும் நிறுத்தினார் என்றும் சொல்ல முடியாது.

நான் அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வகுப்பு முடிந்த நேரங்களில் ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையில் என் முனைவர் பட்ட ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி சனிக் கிரகத்தின் பெரிய நிலவைப் பற்றியது. டைட்டன் என்று பெயர். அதற்குத் தடித்த காற்று மண்டலம் உண்டு. பெரும்பாலும் நைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தரையே தெரியாத அளவுக்கு ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் போர்த்தியிருக்கும். நிறமே இல்லாத இரண்டு வாயுக்களிலிருந்து அந்த ஆரஞ்சு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் சனியைச் சுற்றத் தொடங்கிய விண்கலம் ஒன்று, டைட்டனின் காற்று மண்டல உச்சியை உரசியபடி பறந்து அங்கிருந்த துகள்களை எடை போட்டுப் பார்த்திருந்தது. கனமான மூலக்கூறுகள் கீழே, காற்று அடர்ந்த இடத்தில்தான் உருவாகும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலேயே, காற்று இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்த இடத்திலேயே, அவை இருந்தன. பலவற்றில் மின்னேற்றமும் இருந்தது.

அக்கா அந்த அறைக்கு வந்த இரண்டாம் நாளே, "இது என்னா டீச்சர், டியூப் லைட்டா?" என்று கேட்டார். கை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் வெற்றிடப் பம்ப், மறுமுனையில் வாயு உருளை, உயர் மின்னழுத்தம் தரும் ஒரு பெட்டி. பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. நான் விளக்கினேன். சூரிய ஒளியும், சனியின் காந்தப் புலத்தில் சுற்றி வரும் எலக்ட்ரான்களும் டைட்டனின் உச்சிக் காற்றில் வந்து மோதுகின்றன. மோதிய வேகத்தில் நைட்ரஜனும் மீத்தேனும் உடைகின்றன; சிலவற்றிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிடுங்கப்படுகிறது. அப்படி மின்னேற்றம் பெற்ற துண்டு அயனி. அதனால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் வரும் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இன்னொன்றோடு ஒட்டும். பென்சீன் வரை வளரும், அதற்கு மேலும் வளரும். கடைசியில் தூசியாகிக் கீழே இறங்கும். இந்தக் குழாய்க்குள் அதே வாயுக்களை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் சுவரில் பழுப்பு நிறப் படலம் படிய வேண்டும். அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துச் சோதிப்பதுதான் என் வேலை.

அக்கா குழாயைச் சுற்றி வந்து பார்த்தார். "படிஞ்சிருக்கா?"

"இல்லைங்க."

"எத்தன நாளா?"

"ஏழு மாசமா."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டோரில் ஒரு இயந்திரம் பழுதானால் நிற்பதுபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழாயை முறைத்தபடி நின்றார். எனக்கு அந்த முறைப்பு பிடித்திருந்தது. அதுவரை அந்தக் குழாய்மேல் என்னைத் தவிர யாரும் கோபப்பட்டதில்லை.

கோபப்பட நேரமும் குறைவாகவே இருந்தது. எங்கள் பிரின்சிபால் நல்ல மனிதர்தான். ஆனால் மாணவர் சேர்க்கை குறைந்து வந்த கவலையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்று முடிவு செய்திருந்தார். அதற்கு என் அறை வேண்டும். வாரம் ஒருமுறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல் கேட்பார்: "ஏனுங்க மேடம், அந்த நெலா எப்பங்க உதிக்கும்?" டிசம்பர் வரை அவகாசம் தாருங்கள் என்று கெஞ்சி வாங்கியிருந்தேன். பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பும் ஏறக்குறைய அதே சமயத்தில் முடிந்தது. படலம் படியவில்லை என்றால் ஆறு வருட வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் தொந்தரவு மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் குழாயில் எரியும் ஊதா கலந்த ரோஜா வெளிச்சம் துடித்துத் துடித்து அணைந்துவிடும். சில நாள் மட்டும் காலையிலிருந்து மாலை வரை ஆடாமல் எரியும். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. ஒரு நாள் சாக்கட்டியை எடுத்து அறைக் கதவின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். சுற்றியிருந்த நான்கு தொழிற்சாலைகளில் எது எந்தெந்த நாள் ஓடும் என்ற பட்டியல் அது. பெரிய மோட்டார்கள் ஓடும் நாளில்தான் எங்கள் குழாய் அணைந்தது. நான்கும் மூடிக் கிடந்த நாட்களில் நிம்மதியாக எரிந்தது.

"எங்க ஸ்டோரு தூங்குனாத்தான் உங்க நெலா முழிக்குது டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு வேலையில்லாமல் போன நாட்களெல்லாம் எனக்கு நல்ல நாட்களாக இருந்தன என்பது அன்றுதான் உறைத்தது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். "நீங்க எரிக்கலன்னா மட்டும் ஸ்டோரு ஓடப்போவுதா? சும்மா இருக்கிற கரண்டு. எரிங்க." அதன் பிறகு கதவின் பட்டியலைப் பார்த்துத்தான் பரிசோதனைக்கு நாள் குறித்தோம்.

வோல்டேஜ் சரியானது, படலம் மட்டும் வரவில்லை. எட்டு மணி நேரம் எரித்துவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். வாயுக்களின் அளவை மாற்றினேன், அழுத்தத்தை மாற்றினேன், மின்னோட்டத்தை மாற்றினேன். மழைக்காலம் தொடங்கியது. மலைப்பாதையில் மண் சரிந்து, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய வாயு உருளை பர்லியாரிலேயே லாரியோடு மூன்று நாள் நின்றது. அதுதான் என்னால் வாங்க முடிந்த கடைசி உருளை.

அதே வாரத்தில், பிழைப்புத் தேடிப் போயிருந்த அக்காவின் கணவர் திருப்பூரிலிருந்து வந்தார். அங்கே அவருக்கு நிலையான வேலை கிடைத்திருந்தது. ஒரு வீடும் பார்த்துவிட்டார். அக்காவையும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளையும் அழைத்துப்போக வந்திருந்தார். கல்லூரி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று இருவரும் பேசியதை நான் படிக்கட்டிலிருந்து கேட்டேன்.

"இங்க என்னா இருக்கு? கண்ணாடி கழுவுற வேல. அங்க வந்தா மூணு பேருக்கும் வழி இருக்கு" என்றார் அவர்.

"புள்ளைக்குப் பரீச்ச இருக்கு" என்றார் அக்கா.

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

அக்கா முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் குழாயில நெறம் வரல இன்னும்" என்றார்.

அவர் கணவர் குழப்பத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பதா பிரிந்து இருப்பதா என்பதற்கும் சனிக் கிரகத்தின் நிலவுக்கும் முடிச்சு விழுந்துவிட்டதே என்று இருந்தது. மறுநாள் அக்காவிடம், நீங்கள் போவதென்றால் போங்கள், எனக்காக இருக்க வேண்டாம் என்று சொன்னேன். "உங்களுக்காக யாரு இருந்தா?" என்றார் அவர் உடனே. "புள்ள பரீச்ச முடியிற வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள நீங்க ஒழுங்கா வேலைய முடிங்க."

திருப்பம் ஒரு சளியில் வந்தது. ஜூலை மாதத்துக் குளிரில் அக்காவுக்குக் கடுமையான ஜலதோஷம். நெற்றி, மூக்கு, தொண்டை எல்லாம் நீலகிரித் தைலம் பூசிக்கொண்டு வந்திருந்தார். அறையே யூகலிப்டஸ் காடாக மணத்தது. கையில் இருந்த துணியிலும் தைலம்தான். அன்று நான்கு தொழிற்சாலைகளும் மூடியிருந்ததால் குழாய் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போலத் துடைக்க ஆரம்பித்தார். மின்கம்பி இருக்கும் முனையைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பம்ப் பக்கத்து மூட்டுகளைத்தான் துடைத்தார்.

"டீச்சர், இது ஏன் வெளுக்குது?"

நிமிர்ந்து பார்த்தேன். ரோஜா நிறம் போய்க் குழாய் முழுக்க வெளிறிய நீலமாக இருந்தது. சில நொடிகளில் மறுபடி ரோஜாவானது. மின்சாரம்தான் என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். அக்கா விடவில்லை. முதல் மூட்டைத் துணியால் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதைத் தொட்டார், இல்லை. மூன்றாவதைத் தொட்டார். குழாய் மீண்டும் வெளுத்தது.

"இங்க தொட்டா வெளுக்குது. அங்க தொட்டா வெளுக்கல. இப்பப் பாருங்க." மறுபடி செய்தார். மறுபடி வெளுத்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். தைலத்தின் ஆவி குழாய்க்குள் போகிறது. ஆவி போகிறதென்றால் அந்த மூட்டில் ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருக்கிறதென்றால் ஒன்பது மாதமாக அந்த வழியே வெளிக்காற்றும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. காற்றோடு ஆக்ஸிஜனும் போகிறது. டைட்டனின் காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை. என் குழாயில் ஒட்டி வளரப் பார்த்த ஒவ்வொரு துண்டையும் அது பிடித்து, எரித்து, பம்ப் வழியாக வெளியே துரத்திக்கொண்டிருந்தது. கசிவைக் கண்டுபிடிக்க ஆல்கஹால் தொட்டுப் பார்க்கும் முறை பாடப் புத்தகத்திலேயே உண்டு. நான் அதைப் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அழுத்தமானி காட்டிய எண்ணை நம்பிக்கொண்டு, ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

"ஓட்ட இருக்கு, விளங்குதா?" என்றார் அக்கா, எனக்குச் சொல்லித் தருவதுபோல. பிறகு தும்மினார்.

மூட்டிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகி மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. புதியது கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள் ஆனது. மாட்டினோம். தைலத் துணியால் எல்லா மூட்டையும் தொட்டுப் பார்த்தோம். குழாய் நிறம் மாறவில்லை. கதவின் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு நாள் வெறுமையாக இருந்தன. இரண்டு நாளும் காலையிலிருந்து மாலை வரை எரித்தோம். முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோதே கண்ணாடியின் உள்பக்கம் லேசாக மங்கியிருந்தது. என் மூச்சுப்பட்ட ஈரம் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. வெளியில் துடைத்தால் உள்ளே இருப்பது எப்படிப் போகும்? இரண்டாம் நாள் மாலை அது தெளிவான பழுப்பு மஞ்சள்.

அக்கா குழாயை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே மேகம் தரைவரை இறங்கியிருந்தது. "சாயத்தண்ணி நெறம்" என்றார். பால் ஊற்றாத தேநீரை அவர் அப்படித்தான் சொல்வார். "இன்னும் கொஞ்சம் ஊறணும்." நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருடைய தைலம் என் கண்ணில் பட்டு எரிந்தது. அதனால்தான் அழுதேன் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் முதன்முறையாக அறைக்குள் கால் வைத்துப் பார்த்தார். "இதுங்களா நெலா?" என்றார். கொஞ்சம் ஏமாந்ததுபோல இருந்தது. ஆனால் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை அறையைக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மகளின் தேர்வெல்லாம் முடிந்த பிறகு, கோயம்புத்தூரில் என் வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து உட்காரலாம் என்பது விதி. யாரும் வருவதில்லை என்பது வழக்கம். அக்கா வந்தார். விடியற்காலை பஸ் பிடித்து, நீலச் சேலையில், ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் நான் ஆங்கிலத்தில் பேசினேன். திரையில் குழாயின் படம் வந்தபோதெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் தலையசைத்துக் காட்டினார். கடைசியில் என் வழிகாட்டி சடங்காக, பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அக்கா எழுந்து நின்றார்.

வழிகாட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அம்மா, இது வந்து…" என்று தொடங்கினார். சென்னையிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "கேளுங்கம்மா" என்றார்.

"மேல கரண்டு பட்டு மீத்தேன் ஒடையுது. ஒட்டி ஒட்டித் தூசியாயிக் கீழ விழுது. விழுந்தது மறுபடி மேல போறதில்லன்னு டீச்சர் சொன்னாங்க." அக்கா ஸ்வெட்டரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்புடின்னா எப்பவோ தீந்துபோயிருக்கணுமே? எங்க ஸ்டோருல கொழுந்து வரலன்னா ரெண்டாம் நாளே மெஷின நிப்பாட்டிருவாங்க. அங்க மட்டும் இத்தன காலமா நிக்காம ஓடுதே, கொழுந்து எங்கருந்து வருது?"

இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும் என்னிடம் அவர் இதைக் கேட்டதில்லை. நான் தமிழில் பதில் சொன்னேன். உண்மைதான், இன்று காற்றில் இருக்கிற மீத்தேன் சில கோடி வருடங்களில் தீர்ந்துவிடும். டைட்டனின் வயதோ அதைவிடப் பல மடங்கு. எங்கிருந்தோ அது மீண்டும் வந்து சேர வேண்டும். தரைக்கு அடியிலிருந்து கசியலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எப்போதோ ஒருமுறை பெருமளவில் வெளிவந்திருக்கலாம் என்று சிலர். "எதுன்னு எனக்குத் தெரியாதுங்க. யாருக்குமே இன்னும் தெரியாது" என்றேன்.

அக்கா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வெளித் தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, அன்று காலை முதல் கேட்ட கேள்விகளில் தனக்குப் பிடித்தது இதுதான் என்றும், தன்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்வதாகவும் சொன்னார். ஆய்வேட்டின் முடிவில் இதைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்தப் பத்தி இருக்கிறது. அதன் அடிக்குறிப்பில், கேள்வி கேட்டவர் யார் என்பதும் இருக்கிறது. இங்கே நான் அக்கா என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே இனிஷியலோடு முழுப்பெயரும் போட்டேன். புத்தகத்தைக் காட்டியபோது அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது நானா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். எனக்கு இரண்டு பேர் சீட்டில் இடம் கிடைத்தது. அக்காவுக்கு எனக்கு முன் சீட்டில், மேட்டுப்பாளையத்தில் ஏறிய ஒரு வயதான படுகர் அம்மாவுக்குப் பக்கத்தில். அந்த அம்மா சும்மா இருக்காமல், "எங்கே போய் வருகிறாய்?" என்று படுகு மொழியில் கேட்டுவிட்டார். பர்லியார் வருவதற்குள் அக்கா சனிக் கிரகத்தை முடித்திருந்தார். காட்டேரி வளைவுகளில் அயனிகள் ஒட்ட ஆரம்பித்தன. குன்னூரில் இறங்கும்போது அந்த அம்மா கவலையோடு கேட்டது என் காதில் விழுந்தது: "அங்கே கொழுந்துக்கு விலை என்ன கிடைக்கும்?"

திருப்பூர் போகும் பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, அதற்கடுத்த வருடம் இலை விலை கொஞ்சம் தேறியது. அக்காவின் ஸ்டோர் வாரத்துக்கு ஐந்து நாள் ஓடத் தொடங்கி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அவர் கணவரும் திருப்பூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லி ஊர் வந்து சேர்ந்தார். என் அறையில் கம்ப்யூட்டர்கள் வந்தன. எனக்குச் சமவெளியில் வேலை கிடைத்தது. இன்று என்னிடம் இருக்கும் வெற்றிடக் கருவி தன் கசிவைத் தானே கண்டுபிடித்துத் திரையில் காட்டிவிடுகிறது. யாரும் எதையும் துடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மாணவர்கள் அதை நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன், பாதி.

டைட்டனுக்குப் பறந்து திரியும் ஒரு கருவியை அனுப்பப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். இப்போது அவர் ஓய்வு பெற்று, மகளோடு ஊட்டியில் இருக்கிறார். அது தரையிலேயே இறங்கி, தாவித் தாவிப் பறந்து சோதிக்கும் என்றேன். போய்ச் சேர எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன். மறுமுனையில் விரல்விட்டு எண்ணும் முணுமுணுப்பு கேட்டது.

"அப்ப எனக்கு எழுபது தாண்டியிருக்கும். பரவால்ல, இருப்பேன்" என்றார். "கொழுந்து எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லணும். பிரின்சிபாலுக்கு அப்புறமாச் சொல்லிக்கலாம்."